ஏழு மேடு

முதல் பாதித் தளம் போட்ட அன்று கிடங்குக்குள் இருந்தவர்கள்:

மேஸ்திரி. கத்திக்கொண்டிருந்தார்.
பைப்புக்காரர். பம்ப்பின் வாயைப் பிடித்துக் கான்கிரீட்டை இறக்கினார்.
மெஷின்காரன். இறக்கியதை லேசர் மெஷினால் மட்டமாக வழித்தான்.
கண்ணாடி. வழித்ததை அளந்து பார்த்தார்.
அண்ணன், தம்பி. தளம் இறுகிய பிறகு, ஹெலிகாப்டர் என்று எல்லோரும் சொல்லும் விசிறி மெஷினால் அதை மெழுகினார்கள்.
மெஷின்காரனின் மாமனார். உட்கார்ந்திருந்தார்.

கிடங்கு முதலாளியின் இன்ஜினியர் அம்மா கேட்டு வாங்கிய பட்டியல் இது. வேலை செய்தவர்கள் மட்டும் போதும், வந்து போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். மேஸ்திரி சொல்லச் சொல்லக் கண்ணாடி எழுதினார். அவருக்கு அந்தப் பெயர் வந்தது இரண்டு கண்ணாடி வைத்திருந்ததால். ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். மேஸ்திரிக்கு மட்டும் தயவு பண்ணி 'மேற்பார்வை' என்று போட்டார். மற்றதெல்லாம் அப்படியே. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது.

"இவர் என்ன செஞ்சார்னு எழுத?"

"லேசர் ஸ்டாண்டைப் பாத்துக்கிட்டார்னு எழுது."

"அதை உட்கார்ந்துக்கிட்டுதானே செஞ்சார்?"

"சரி, உட்கார்ந்திருந்தார்னே எழுதித் தொலை. நமக்கு இருக்கிற தலைவலி போதாதா?"

தலைவலி இதுதான். தளம் போட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. குனிந்து பார்த்தால் முகம் தெரிகிற மாதிரி மெழுகியிருந்தார்கள். இன்ஜினியர் அம்மா ஒரு சின்னத் தள்ளுவண்டியை எடுத்து வந்து, கிடங்கின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை உருட்டிக்கொண்டு போனாள். வண்டி தான் போன வழியைக் காகிதத்தில் கோடாக வரைந்தது. கோடு கொஞ்ச தூரம் படுத்தே போயிற்று. பிறகு சட்டென்று ஏறி, கொஞ்ச தூரம் மேலேயே போய், மறுபடி இறங்கிப் படுத்தது. இப்படி ஏழு இடம். ஒவ்வொன்றும் நான்கு மில்லிமீட்டர்.

நான்கு மில்லிமீட்டர் என்றால் இரண்டு நாணயத்தை அடுக்கி வைத்த கனம். வீட்டுத் தரையில் அது ஒரு விஷயமே இல்லை. இங்கே பதினோரு மீட்டர் உயரத்துக்கு இரும்பு அலமாரி நிற்கப்போகிறது. சரக்கைத் தூக்கும் வண்டி அந்த உச்சி வரை கையை நீட்டும். கீழே ஒரு சக்கரம் நான்கு மில்லி ஏறினால் மேலே கை முக்கால் சாண் சாயும். சாய்ந்தால் அலமாரியில் இடிக்கும்.

"ஏழு மேடு. ஏன்னு எனக்குத் தெரியணும்," என்றாள் இன்ஜினியர் அம்மா. அவள் குரலை உயர்த்தாத ஆள். "காரணம் தெரியாம அடுத்த பாதியைத் தொடக்கூடாது. நாளை மறுநாள் கான்கிரீட் வருது. நாளைக்குள்ள சொல்லுங்க."

அவள் போனதும் மேஸ்திரி மெஷின்காரன் பக்கம் திரும்பினார்.

"வழிச்சது யாரு?"

"நான்தான்."

"அப்போ மேடு யாருது?"

"மேஸ்திரி, மெஷின் லேசரைப் பார்த்துத்தான் வழிக்குது. நான் கையால ஏத்தி இறக்குறதில்லை."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள காரணம் கொண்டுவா. இல்லைன்னா மெஷின் ஓட்ட ஒரு வாடகை டிரைவரை வரச் சொல்லிட்டேன். நீ பழையபடி மண்வெட்டியைத் தூக்கு."

மண்வெட்டி என்றால் என்னவென்று மெஷின்காரனுக்குத் தெரியும். ஆறு வருடம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஈரக் கான்கிரீட்டில் நின்று வாரித் தள்ளியிருக்கிறான். சிமெண்டு கடித்த தழும்பு இன்னும் கணுக்காலில் இருக்கிறது. மெஷினில் ஏறி இரண்டு வருடம்தான் ஆகிறது. அந்த இருக்கையில் ஒரு பக்கம் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு வெளியே தெரியும். அவனுக்கு அதைவிட நல்ல நாற்காலி உலகத்தில் கிடையாது.

அன்று முழுக்க அவன் மெஷினைப் பிரித்து மேய்ந்தான். விஷயம் எளிது. ஸ்டாண்டு மேல் லேசர் விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கும். கிடங்கு முழுக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டையான வெளிச்சத்தை விரிக்கும். மெஷினின் இரண்டு தோளிலும் இருக்கும் ரிசீவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்து, வழிக்கும் அலகை அதே மட்டத்தில் நிறுத்தும். லேசர் தாழ்ந்தால் தளம் தாழும். லேசர் ஏறினால் தளம் ஏறும். மெஷினுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. அதனால் வேலை போய்விடுமே என்ற பயமும் கிடையாது.

இரண்டு ரிசீவரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தான். எண்ணெய்க் குழாய்களைத் தடவிப் பார்த்தான். அலகை நூறு முறை ஏற்றி இறக்கினான். நூறு முறையும் அது அதே இடத்தில் வந்து நின்றது. ஒன்றாவது கெட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.

"அது மண்ணு," என்றார் பைப்புக்காரர். "கீழ மண்ணு அமுங்கியிருக்கும்."

"ஏழு இடத்துல மட்டும் அமுங்காம இருந்துச்சா?"

"மண்ணுக்கு என்ன, அதுக்குத் தோணினபடி."

"மண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றான் அண்ணன். "தம்பி மெழுகினான்ல, அவன் ஏதாவது பொண்ணை நினைச்சுக்கிட்டே ஒரே இடத்துல சுத்தியிருப்பான்."

"ஏழு பொண்ணா?" என்றான் தம்பி. "எனக்கு ஒண்ணே கிடைக்கல."

கண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மெஷின்காரனிடம் சொன்னார்: "நான் மூணு தடவை மட்டக்குறி பார்த்தேன். காலையில ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, மத்தியானம், சாயந்தரம். மூணு தடவையும் லேசர் நூல் பிசகாம குறியில நின்னுது. லேசர் மேல தப்பு சொல்லாதே."

மட்டக்குறி என்பது தூணில் போட்ட சிவப்புக் கோடு. லேசர் சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அந்தக் கோட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். அந்தத் தூண் நாலாம் வாசலின் ஓரத்தில் இருந்தது. லாரிகள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கிற வாசல் அது. அதன் முன்னால் தரையில் ஒரு குழி. பிற்பாடு சரக்கு இறக்கும் மேடை அதில் உட்காரும். இப்போதைக்கு இரும்புத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பாதி முழுவதும் ஈரக் கான்கிரீட் ஆகப்போகிற நாளில், கால் வைக்க மிச்சம் இருந்த காய்ந்த இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து பார்த்தால் எந்தத் தூணும் மறைக்காது. அதனால் லேசர் ஸ்டாண்டு அங்கேதான் நின்றது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் மாமனார்.

மெஷினும் சரி, லேசரும் சரி, மட்டக்குறியும் சரி. எல்லாம் சரி. தளம் மட்டும் தப்பு. மெஷின்காரன் மண்டை காய்ந்து வீட்டுக்குப் போனான்.

வீடு என்பது இரண்டு அறை. உள்ளறையில் அவனும் மனைவியும், வெளியறையில் ஒரு இரும்புக் கட்டிலில் மாமனார். நடுவில் துணிக்கொடி. அவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் முப்பத்தொரு வருடம் ஓர் அலுவலகத்தில் பியூன். அதிகாரியின் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது, மணி அடித்தால் எழுவது, யார் கடந்து போனாலும் எழுவது, அவர்கள் போனதும் உட்கார்வது. வேலை ஓய்ந்தபோது இடுப்பு ஓய்ந்திருந்தது. வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தது. மகள் வீட்டுக்கு வந்தவர் இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொள்ள மாட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "உட்கார்ந்து சாப்பிடுறேன்னு மாப்பிள்ளை நினைப்பார்" என்று மகளிடம் சொன்னாராம். மாப்பிள்ளை நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது இன்னொரு வேலையிடத்தில் எவனோ மண்வெட்டியால் லேசர் ஸ்டாண்டை இடித்துவிட்டான். ஒரு நாள் வேலை பாழ். ஸ்டாண்டுக்கு ஒரு காவல் ஆள் போடுங்கள் என்று மெஷின்காரன் மேஸ்திரியிடம் பேசினான். மாமனார் வந்தார். மஞ்சள் சட்டை ஒன்று கொடுத்தார்கள், பளபளக்கும் பட்டை வைத்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவர் மூன்று முறை சாதம் வாங்கினார். அவர் எடை கூடியதே அந்தச் சட்டைக்குப் பிறகுதான்.

இன்று மனைவி தரையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். மாமனார் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அன்று தான் செய்ததை ஆளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று இன்ஜினியர் அம்மா கேட்டிருந்தாள். மற்றவர்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். இவர் அலுவலகத்து ஆள்.

"எழுதும்மா. காலை ஏழு பத்துக்கு நாற்காலியில் அமர்ந்தேன்."

"மணியெல்லாம் எதுக்குப்பா?"

"கேட்டா சொல்லணும்ல? எட்டு மணிக்கு மேஸ்திரி தண்ணீர் குடிக்க வந்தார். எழுந்தேன். அவர் போனதும் அமர்ந்தேன். ஒன்பதே காலுக்கு இன்ஜினியர் அம்மா பார்வையிட வந்தார். எழுந்தேன். அவர் போனதும் அமர்ந்தேன்."

"எழுந்தேன், அமர்ந்தேன் எல்லாம் போடணுமாப்பா?"

"அதானேம்மா நான் செஞ்சது."

மெஷின்காரன் சுவரில் சாய்ந்து, வண்டி வரைந்த கோட்டின் நகலை மடியில் விரித்து வைத்திருந்தான். நாள் பூராவும் பார்த்து அலுத்த ஏழு மேடு. ஒரு காதில் மாமனார் ஓடிக்கொண்டிருந்தார்.

"பத்தரைக்குக் காவல்காரர் பாஸ் கேட்டு வந்தார். எழுந்தேன். அமர்ந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடி சார் மட்டக்குறி பார்க்க வந்தார். எழுந்தேன். அமர்ந்தேன். ஒன்றரைக்கு மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க வந்தார். எழுந்தேன்."

"மாப்பிள்ளைக்குமா?" என்று சிரித்தாள் மகள்.

"வேலையிடத்துல அவர் மெஷின் ஓட்டுறவர்மா. உட்கார்ந்துக்கிட்டே இருக்கலாமா? எழுது. இரண்டே காலுக்கு மேஸ்திரி போன் பேச வந்தார். நாற்பது நிமிடம் பேசினார். நின்றிருந்தேன்."

அந்த இடத்தில் மெஷின்காரனின் விரல் கோட்டின் மேல் நின்றது. ஐந்தாவது மேடு மற்றதைவிட நீளம். மூன்று மடங்கு நீளம். ஏன் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டே காலுக்கு அவன் எங்கே வழித்துக்கொண்டிருந்தான்? ஆறாம் தூணைத் தாண்டி. ஐந்தாவது மேடு ஆறாம் தூணைத் தாண்டித்தான் இருந்தது.

"மாமா, இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னார். மேஸ்திரிக்குப் பிறகு வந்த இரண்டு பேரையும், சாயந்தரம் மட்டக்குறி பார்க்க வந்த கண்ணாடி வரை, விடாமல் சொன்னார். அவன் விரலை மடக்கினான். எட்டு முறை எழுந்திருக்கிறார். மேடு ஏழு. சரி, பைத்தியக்காரத்தனம். மாமனார் எழுந்தால் தளம் எழுமா? காகிதத்தை மடித்தான். மறுபடி பிரித்தான். எட்டில் ஒன்று அவனே தண்ணீர் குடிக்கப் போனது. அவன் இறங்கிப் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் தளம் ஓடாது.

எட்டில் ஒன்று போனால் ஏழு.

"என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல," என்றான். ஏதோ இருந்தது. அது என்னவென்று அவனுக்கே தெரியாதபோது எதைச் சொல்வது? லேசர் வேறு, மாமனார் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அவர் அதைத் தொடக்கூட மாட்டார். தூசி தட்டலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தூசி தட்டுவார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் அவரைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனான். ஸ்டாண்டும் நாற்காலியும் அன்று இருந்தபடியே இருந்தன. லேசரைப் போட்டான். கையில் ஒரு ரிசீவரை எடுத்துக்கொண்டு, தூணின் சிவப்புக் கோட்டில் அதன் கோட்டைப் பொருத்திப் பிடித்தான். மட்டம் சரியாக இருந்தால் அது ஒரே நீளமாகக் கூவும். பிசகினால் விட்டு விட்டுக் கத்தும்.

கூவியது. ஒரே நீளமாக.

"மாமா, நாற்காலியில உட்காருங்க."

உட்கார்ந்தார். கூவல் அறுந்தது. விட்டு விட்டுக் கத்தியது.

"எந்திரிங்க."

எழுந்து, வழக்கம்போல மரியாதையாக வாசற்படிக்கு ஒதுங்கி நின்றார்.

கூவியது.

"உட்காருங்க."

கத்தியது.

மாமனார் எதற்கு என்று கேட்கவில்லை. ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்தார். முப்பத்தொரு வருடம் கேட்காமல் செய்த காரியம்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டபோது மட்டும் கேட்டார். "இன்னும் எத்தனை தடவை மாப்பிள்ளை?"

"போதும் மாமா."

மெஷின்காரன் குனிந்து தரையை விரல் முட்டியால் தட்டினான். டங் என்றது. தரை இல்லை. தூசியும் சிமெண்டுப் பாலும் படிந்து தரை மாதிரியே ஆகிவிட்ட தகடு. கீழே குழி. தகட்டின் மேல் லேசரும் நாற்காலியும். தொண்ணூறு கிலோ உட்கார்ந்தால் தகடு வயிற்றைத் தொங்கப்போடும். லேசரும் கூடவே தாழும். எழுந்து வாசற்படிக்கு ஒதுங்கினால் தகடு நிமிரும். லேசர் சாய்ந்தால் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். யாராவது இடித்தால் நின்று அலறும். ஆனால் மெதுவாகத் தாழ்ந்தால் அதற்குத் தெரியாது.

நாற்காலியைக் கேன்டீனிலிருந்து தூக்கி வந்து அங்கே போட்டது அவன்தான். இடுப்பு வலியோடு மாமா ஏன் நிற்கவேண்டும் என்று.

"நான் எதையும் தொடலையே மாப்பிள்ளை," என்றார் மாமனார்.

"தொடலை மாமா."

"அப்புறம் ஏன் கத்துது?"

பதில் சொல்வதற்குள் மேஸ்திரியின் குரல் கேட்டது. பின்னால் கண்ணாடி, பைப்புக்காரர், அண்ணன், தம்பி, இன்ஜினியர் அம்மா. மெஷின்காரன் ரிசீவரைத் தூணில் பிடித்தபடி மறுபடி ஒருமுறை காட்டினான். யாரும் நம்பவில்லை. ஆளாளுக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். தம்பி உட்கார்ந்தான், இரண்டு மில்லி. மேஸ்திரி உட்கார்ந்தார்; ஐந்து.

"மேஸ்திரி காவலுக்கு உட்கார்ந்திருந்தா குடோனே கிணறா போயிருக்கும்," என்றான் அண்ணன்.

"வாயை மூடுடா."

கண்ணாடிதான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "இரு இரு. நான் மூணு தடவை குறி பார்த்தேனே? மூணு தடவையும் சரியா இருந்துச்சே?" சொல்லிக்கொண்டே மாமனார் பக்கம் திரும்பினார். முகம் மாறியது. "நான் வந்தப்பல்லாம் நீங்க எந்திரிச்சீங்களா?"

"நீங்க லெவல் பாக்கிறவர் சார். எந்திரிக்காம எப்படி?"

கண்ணாடி இரண்டு கண்ணாடியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மேடம், அது மேடு இல்ல. இவர் எந்திரிச்சு நின்ன அந்த ஏழு இடம்தான் சரியான மட்டம். மத்ததெல்லாம் பள்ளம்."

"மொத்தக் குடோனும் பள்ளமா?" என்றார் மேஸ்திரி.

"நாலு மில்லி."

இன்ஜினியர் அம்மா சுவரையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் குழம்பிப் போயிருந்தாள். பார்க்க ஆறுதலாக இருந்தது. ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு சொன்னாள். முழுத் தளமும் நான்கு மில்லி தாழ்ந்திருந்தால் அலமாரிக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே மட்டமாக இருந்தால் போதும். அதனால் அந்த ஏழு இடத்தையும் தேய்த்து இறக்கிவிடுங்கள். அடுத்த பாதியையும் நான்கு மில்லி இறக்கியே போடுங்கள்.

ஆக, சரியாக இருந்த ஏழு இடத்தையும் தேய்த்து, தப்பாக இருந்த இடத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. மாமனார் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

அவள் போனபின் மேஸ்திரி மெஷின்காரனைத் தனியாக அழைத்தார்.

"வாடகை டிரைவர் வேண்டாம்னு சொல்லிட்டேன். மெஷின் உனக்குத்தான்."

"சரி மேஸ்திரி."

"நாற்காலியைப் போட்டது யாரு?"

"நான்."

"லேசரைத் தூணுல கிளாம்ப் போட்டு ரெண்டு ஆள் உயரத்துல மாட்டிடச் சொல்லியிருக்கேன். நாளைக்கு உன் மாமனாரைக் கூட்டிட்டு வராதே."

"வேற இடத்துல உட்கார்ந்துக்குவார் மேஸ்திரி. தகட்டுமேல வேண்டாம். சுவர் ஓரமா."

"எதுக்கு?"

"காவலுக்கு."

"ரெண்டு ஆள் உயரத்துல இருக்கிறதை யார்டா இடிக்கப்போறாங்க? பறவையா?"

மெஷின்காரன் மேஸ்திரி சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முயன்றான். கிடைக்கவில்லை. மெஷினைப் பிரித்துப் பார்த்தபோதும் இப்படித்தான் இருந்தது.

சாயந்தரம் வீட்டில் மனைவி கேட்டாள். "மெஷின்?"

"எனக்குத்தான்."

அவள் மூச்சை விட்டாள். "அப்பாவாலதான் கண்டுபிடிச்சீங்களாமே? அப்பா சொன்னார். அவர் மணி போட்டு எழுதினதாலதான்னு."

"ஆமா."

மாமனார் மஞ்சள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு கிண்ணம் வைத்திருந்தார். இரண்டாம் முறை சாதம் வாங்கிக்கொண்டார். மெஷின்காரன் மூன்று தடவை சொல்லப் போனான். முதல் தடவை அவர் மென்றுகொண்டிருந்தார். இரண்டாம் தடவை கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டப் போயிருந்தார். மூன்றாம் தடவை ஒரு காரணமும் இல்லை. அவர் சும்மாதான் இருந்தார். இவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று இருந்தான். பஸ்ஸில் கூட்டம். இறங்கியதும் மாமனார் மஞ்சள் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை மாட்டினார். காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. காற்றடிக்கும் நாளில் தளம் போடும்போது எல்லாக் கதவையும் அடைத்துப் பூட்டிவிடவேண்டும். திறந்திருந்தால் ஈரக் கான்கிரீட்டின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். பெரிய வாசல்களை எல்லாம் இறக்கிவிட்டார்கள். பக்கவாட்டுச் சின்னக் கதவு ஒன்றுதான் பாக்கி. கடைசியாக உள்ளே போகிறவன் பூட்டவேண்டும். சாவி மெஷின்காரன் கையில் இருந்தது.

உள்ளே முதல் லோடு கான்கிரீட் பம்ப்பில் இரைந்துகொண்டிருந்தது. நாலாம் வாசல் பக்கம் மாமனார் எட்டிப் பார்த்தார். தகடு வெறுமையாக இருந்தது. நாற்காலி இல்லை. ஸ்டாண்டு இல்லை. லேசர் தூணின் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

"மேல வச்சுட்டாங்களா?"

"ஆமா மாமா."

"நல்லதுதான். யாரும் இடிக்க முடியாது." சொல்லிவிட்டுத்தான் யோசித்தார். யோசித்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. மெஷின்காரன் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க மாமா."

"நான் அன்னிக்கு முழுக்க நின்னுக்கிட்டே இருந்திருந்தா, தளம் சரியா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"உட்கார்ந்தே இருந்திருந்தா?"

"அதுவும் சரியா வந்திருக்கும். நாலு மில்லி தாழ்ந்து, ஒரே மட்டமா. இப்ப வேணும்னுதான் அப்படிப் போடப்போறோம்."

"நின்னதும் தப்பில்ல. உட்கார்ந்ததும் தப்பில்ல."

"இல்ல."

"அப்போ எதுதான் தப்பு?"

மெஷின்காரன் தரையைப் பார்த்தான். "எந்திரிச்சதும் உட்கார்ந்ததும்."

மாமனார் தலையாட்டினார். புரிந்து ஆட்டினாரா, பழக்கத்தில் ஆட்டினாரா என்று தெரியவில்லை. "பெரியவங்க வர்றப்ப எந்திரிக்காம இருக்க முடியாது," என்றார், அதை யாரோ மறுத்த மாதிரி. "இடுப்பு வலிச்சா உட்காராமலும் இருக்க முடியாது."

"நாற்காலியை அங்க போட்டது நான்தான் மாமா."

"நீங்க எனக்காகத்தானே போட்டீங்க." அவர் பொத்தானில் கை வைத்தார். "வேற ஏதாவது வேலை இருக்கும்னு மேஸ்திரி சொன்னாரா?"

"இல்ல."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தினார். "டேய்! கதவை அடைடா! காத்து வருது! கான்கிரீட் இறங்குது, மெஷின்ல ஆள் இல்ல!"

மாமனார் பொத்தான்களை மாட்டிய மாதிரியே மேலிருந்து கீழ்வரை கழற்றினார். சட்டையை நான்காக மடித்தார். இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. அதை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். டிபன் பாக்ஸை யார் வைத்துக்கொள்வது என்று கொஞ்சம் தடுமாறி, அதையும் கொடுத்தார். மறுபடி வாங்கிக்கொண்டார்.

"பஸ் எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

"வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்க மாமா. ஒரே பஸ்தான்."

"சரி." படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "சாயந்தரம் எத்தனை மணிக்கு வருவீங்க?"

"தளம் இறுகினப்புறம்தான் தெரியும்."

"நான் சாப்பிடாம இருக்கேன். சேர்ந்து சாப்பிடலாம்."

"நீங்க சாப்பிடுங்க மாமா."

அவர் படி இறங்கினார். காற்றில் கதவு தானாக ஆடியது. அவர் வெளியிலிருந்து அதைப் பிடித்து, சத்தம் வராமல், ஓர் அதிகாரியின் அறைக் கதவைச் சாத்துவது போலச் சாத்தினார். மெஷின்காரன் உள்ளேயிருந்து சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினான்.